புதிய வாலிபால் அணி: முதல் கூட்டத்திலிருந்து கடைசி ஆட்டம் வரை

கோயில் இளைஞர் சங்கத்துக்கோ, ஊர்க் கிளப்புக்கோ, வேலை செய்யும் கம்பெனிக்கோ புதிதாக ஒரு வாலிபால் அணியை அமைக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால், இது உங்களுக்காக. ஸ்மாஷ் அடிப்பதும் பிளாக் போடுவதும் இதில் இல்லை. பன்னிரண்டு பேர் ஓர் அணியாக மாற, எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தள்ளிவைக்க வேண்டும் என்பது மட்டுமே விஷயம். மொரிஷியஸில் ஆர்வத்தோடு தொடங்கிய அணிகள் சில மாதங்களில் சத்தமில்லாமல் கரைந்துபோவது புதிதல்ல. அவற்றில் ஆட்டம் தெரியாமல் கரைந்தவை குறைவு. சரியான வேலையைத் தவறான நேரத்தில் செய்து கரைந்தவையே அதிகம்.

ஒரு குழு கடந்து செல்லும் கட்டங்களை அமெரிக்க உளவியலாளர் புரூஸ் டக்மன் 1965இல் நான்காக வகுத்தார். 1977இல் மேரி ஆன் ஜென்சனோடு சேர்ந்து ஐந்தாவதையும் சேர்த்தார். இங்கே அவற்றைக் கூடல், மோதல், இசைதல், இயங்கல், பிரிதல் என்று அழைக்கிறேன். டக்மன் வாசித்து அலசியவை பெரும்பாலும் மனநலச் சிகிச்சைக் குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றிய ஆய்வுகள். விளையாட்டு அணிகள் அல்ல. ஆகவே எந்தக் கட்டம் எத்தனை வாரம் நீடிக்கும் என்று அதில் தேடாதீர்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்துகொள்ளவும், வந்ததைக் கண்டு பதறாமல் இருக்கவும் அது போதும்.

1. ஆட்களைக் கூப்பிடும் முன்பு முடிக்க வேண்டியவை

முதலில் நாட்காட்டியை விரியுங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். எச்சரிக்கை மூன்றாம் நிலைக்குப் போனால் யாரும் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது. சமூகக் கூடங்களும் தஞ்சம் தேடி வருபவர்களுக்காகத் திறக்கப்பட்டுவிடும். தைப்பூசக் காவடிக்குக் கொடியேறிய நாளிலிருந்து பத்து நாள் விரதத்தில் பாதி அணி கோயிலில்தான் இருக்கும். புரட்டாசி விரதத்தில் சிலர் மாலையில் சோர்ந்திருப்பார்கள். அக்டோபர், நவம்பரில் மாணவர்களுக்குப் பொதுத்தேர்வு.

இதையெல்லாம் கழித்துப் பார்த்தால், மகா சிவராத்திரி முடிந்தபின் மார்ச்சில் கூடுவதே நல்லது. காரணம், முதல் ஆறேழு வாரம் இடைவெளி விழாமல் ஓட வேண்டும். மூன்று வாரம் கூடி, இரண்டு வாரம் நின்று, மீண்டும் கூடும் அணி ஒவ்வொரு முறையும் முதல் கட்டத்திலிருந்தே தொடங்குகிறது.

அடுத்து இடம். ஜூன், ஜூலையில் மாலை ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும். விளக்கு இல்லாத மைதானம் உதவாது. அதைவிட முக்கியம், பயிற்சி முடிந்தபின் வீட்டுக்குப் போக வழி. ரோஸ் ஹில், காத்ர் போர்ன், வக்வா பக்கம் என்றால் மெட்ரோ இருக்கிறது. கிராமப்புறத்தில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் பயிற்சி நேரத்தை வையுங்கள். பஸ்ஸைப் பிடிக்க ஒருவர் தினமும் இருபது நிமிடம் முன்பே கிளம்பினால், அவர் அரை ஆள்தான் என்ற எண்ணம் அணியில் படிந்துவிடும். பின்னால் வரும் சண்டையில் இதுவே முதல் குற்றச்சாட்டாக எழும்.

மூன்றாவது, யாரும் செய்ய விரும்பாத வேலை: தேர்வு விதியை எழுதி, சங்க நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்குவது. யார் களத்தில் இறங்குவார் என்பதை யார் முடிவு செய்வார்? பயிற்சிக்கு எத்தனை முறை வராவிட்டால் அடுத்த ஆட்டத்தில் இடம் இல்லை? இந்த இரண்டுக்கும் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். நம் ஊரில் பாதி அணி ஒருவருக்கொருவர் சொந்தம். நிர்வாகக் குழுவில் இருக்கும் பெரியவர், “என் தங்கை மகன்தான், ஒரு செட் ஆடட்டுமே” என்று கேட்கத்தான் செய்வார். அப்போது, “மாமா, நீங்களே கையெழுத்துப் போட்ட விதிதான் இது” என்று பணிவாகச் சொல்ல முடிய வேண்டும். கேட்டபிறகு விதி எழுதினால், அது அந்தப் பையனுக்கு எதிராக எழுதப்பட்டதாகவே பேசப்படும்.

பொருள்கள் குறைவுதான். இருவருக்கு ஒரு பந்து, உயரத்தை மாற்றக்கூடிய வலை (ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர்), ஒரு நோட்டுப் புத்தகம். பந்துகள் குறைந்தால் வரிசையில் நிற்பவர்கள் பேசத் தொடங்குவார்கள். பேச்சு பழைய நண்பர்களுக்குள்ளேயே சுற்றும்.

2. யாரை அழைப்பது

பதினான்கு பேரை அழையுங்கள். பன்னிரண்டு பேர் நிற்பார்கள். இருபது பேரை அழைத்துப் பிறகு கழிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். கழிக்கப்படுவோமோ என்ற பயம் இருக்கும்வரை யாரும் யாருக்கும் பந்தை விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

ஒரே கோயில், ஒரே தெரு, ஒரே குடும்ப வட்டத்திலிருந்து எல்லோரையும் எடுப்பது சுலபம். அப்படி எடுத்தால் கூடல் கட்டம் முடிந்துவிட்டதைப் போலவே தோன்றும், ஆனால் முடிந்திருக்காது. வீட்டில் யார் பெரியவர், யார் சொல்வதை யார் கேட்பது என்ற வரிசை அப்படியே களத்துக்கு வந்துவிடும். அடிப்பவருக்குப் பந்தை உயர்த்திக் கொடுக்கும் செட்டராக நிற்கும் தம்பி, அடிக்க நிற்கும் அண்ணனுக்குக் கட்டளையிடத் தயங்குவான். வேறு சமூகத்தவர், வேறு ஊர்க்காரர் என்று மூன்று நான்கு பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். இந்நாட்டின் கால்பந்தில் சமூகத்தின் பெயரால் கிளப்புகள் ஆடிய காலம் 1999இல் வன்முறையில்தான் முடிந்தது. பிறகு அவை வட்டார அடிப்படையில் மாற்றி அமைக்கப்பட்டன. கோயில் அணியாகவே இருந்தாலும், உள்ளே வரும் கதவு ஒரே குடும்பத்துக்கானதாக இருக்க வேண்டாம்.

3. கூடல்: முதல் இரண்டு வாரம்

இந்தக் கட்டத்தில் எல்லோரும் மரியாதையாக இருப்பார்கள். தவறவிட்டவரைப் பார்த்து “பரவாயில்லை” என்பார்கள். எல்லாக் கேள்விக்கும் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். இதை ஒற்றுமை என்று நினைத்துக்கொள்வதுதான் புதிய பயிற்சியாளர்களின் முதல் தவறு. யாருக்கு எந்த இடம் என்று தெரியாததால் வரும் அடக்கம் இது.

அவர்களுக்கு வேண்டியது தெளிவு. ஆகவே இந்த நாட்களில் நீங்களே கட்டளையிடுங்கள். “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டால் வாய் நீளமான இருவர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அந்த இருவரே தலைவர்கள் என்பது அன்றே முடிவாகிவிடும்.

முதல் நாளில் ஆறுக்கு ஆறு ஆட்டம் வைக்காதீர்கள். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள், மறுத்துவிடுங்கள். முழு ஆட்டத்தில் நன்றாக ஆடத் தெரிந்தவர் பக்கத்து ஆளின் பந்தையும் தானே எடுப்பார். பலவீனமானவர் ஓரமாக நகர்ந்து நிற்கக் கற்றுக்கொள்வார். அந்தப் பழக்கத்தைப் பிறகு உடைப்பது பெரும்பாடு. இருவருக்கு இருவர், மூவருக்கு மூவர் என்று சிறிய ஆட்டங்களாக வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஜோடியை மாற்றுங்கள். ஒவ்வொருவரும் மற்ற எல்லோருடனும் ஒருமுறையாவது ஆடியிருக்க வேண்டும். ஜோடிகளை நீங்களே பெயர் சொல்லிப் பிரியுங்கள். விட்டால் மச்சானும் மச்சானும்தான் சேர்ந்து நிற்பார்கள்.

விதிகள் மூன்று போதும்: நேரத்துக்கு வருவது, வர முடியாவிட்டால் முன்னதாகச் சொல்வது, பயிற்சியின்போது தொலைபேசி பைக்குள் இருப்பது. நீளமான ஒழுக்கப் பட்டியலை இப்போது கொடுத்தால் எல்லோரும் சரி என்பார்கள், ஒருவரும் பின்பற்ற மாட்டார்கள். அவர்கள் உருவாக்காத விதி அது.

இனி, கடற்கரைச் சுற்றுலா. அணி அமைத்தவுடன் ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்குக்கு வேன் பிடிப்பது நம் நாட்டு வழக்கம். பழகினால் அணி ஒன்றுபடும் என்று நம்புகிறோம். விளையாட்டுக் குழுக்களை நெடுங்காலம் ஆராய்ந்த கனடா நாட்டு உளவியலாளர் ஆல்பர்ட் கேரன், ஒரு குழுவைப் பிணைப்பவற்றை இரண்டாகப் பிரித்தார்: செய்யும் வேலையால் வரும் பிணைப்பு, பழக்கத்தால் வரும் பிணைப்பு. இரண்டும் ஒன்றல்ல. சேர்ந்து சிரிப்பவர்கள் எதிரணியின் சர்வீஸைச் சேர்ந்து எடுப்பார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வேலை இன்னும் பிணைக்காதபோது சுற்றுலா போனால், பழைய கூட்டாளிகள் ஒரு பாயில், புதியவர்கள் இன்னொரு பாயில் என்றுதான் அமர்வார்கள். சுடாத பானையில் தண்ணீர் ஊற்றுவது இது. மோதல் முடியட்டும், பிறகு வாழையிலை போட்டு ஏழு கறியோடு விருந்து வையுங்கள், பயன் இருக்கும்.

4. நடுவில் விழும் பந்தை எண்ணுங்கள்

அணி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிய வினாத்தாள் எதுவும் வேண்டாம். எதிரணியின் சர்வீஸ் இரண்டு பேருக்கு நடுவே வரும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

கூடல் கட்டத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பந்து தரையில் விழும். இருவரும் மன்னிப்புக் கேட்பார்கள். மோதல் கட்டத்திலும் பந்து விழும். ஆனால் இப்போது இருவரும் கையை விரித்து, “அது உன்னுடையது” என்பார்கள். சில சமயம் இருவருமே பாய்ந்து முட்டிக்கொள்வார்கள். இசைதல் கட்டத்தில் ஒருவர் குரல் கொடுப்பார், மற்றவர் விலகுவார். இயங்கல் கட்டத்தில் குரல் எழும்போதே மற்றவர் அடுத்த வேலைக்கு நகர்ந்திருப்பார்.

ஒவ்வொரு பயிற்சி ஆட்டத்திலும் யாரும் தொடாமல் நடுவில் விழுந்த பந்துகளை மட்டும் தனியாக நோட்டில் குறியுங்கள். யார் தவறு என்று எழுதாதீர்கள். எந்த இருவருக்கு நடுவே என்று மட்டும் எழுதுங்கள். தனி ஆளின் பெயர் இருந்தால் அது குற்றப்பட்டியல் ஆகிவிடும், இரு பெயர் இருந்தால் அது தீர்க்க வேண்டிய கணக்கு. ஒரே ஜோடி திரும்பத் திரும்ப வந்தால், அந்த இருவருக்கும் இடையே பேசப்படாத ஏதோ ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் அது வாலிபால் சம்பந்தப்பட்டதாக இருக்காது.

5. பொறுப்புகளைப் பிரிப்பது, கேப்டனைத் தள்ளிப்போடுவது

மூன்றாம் வாரம் அளவில் இடங்களைப் பிரியுங்கள். செட்டர் யார், பின்வரிசையில் பந்தை எடுக்க மட்டுமே நிற்கும் லிபரோ யார், நடுவில் பிளாக் போடுபவர் யார். “ஜூன் வரை இப்படி, அதன்பின் மறுபடி பார்ப்போம்” என்று தேதியோடு சொல்லுங்கள். தேதி இல்லாவிட்டால் வெளியே அமர்பவர் அதை ஆயுள் தண்டனையாக எடுத்துக்கொள்வார்.

நன்றாக ஆடும் ஆறு பேரை எடுத்தால் நல்ல அணி கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள், இவான் ஸ்டைனர் 1972இல் சொன்ன எளிய கணக்கை நினைவில் கொள்ளலாம்: ஒரு குழு உண்மையில் சாதிப்பது, அதனால் சாதிக்க முடிந்ததிலிருந்து சேர்ந்து வேலை செய்வதில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் கிடைப்பது. அடிப்பதில் கெட்டிக்காரர்கள் நான்கு பேரைச் சேர்த்துப் போட்டால் அந்த இழப்பு பெரிது. நான்கு பேரும் பந்து கேட்பார்கள். முதல் பந்தை ஒழுங்காக எடுத்துக்கொடுக்க ஆள் இருக்காது.

கேப்டனை இப்போது தேர்ந்தெடுக்க வேண்டாம். சங்கத்தில் விண்ணப்பப் படிவத்துக்குப் பெயர் கேட்டால் தற்காலிகமாக ஒருவரைப் போடுங்கள். முதல் வாரத்தில் வாக்கெடுப்பு வைத்தால், நிறைய நண்பர்கள் உள்ளவரோ சத்தமாகப் பேசுபவரோதான் வெல்வார். ஆட்டத்தின்போது நடுவரிடம் பேச உரிமை உள்ளவர் கேப்டன் மட்டுமே. 23க்கு 23 என்று இருக்கும்போது, தவறான தீர்ப்பு வந்தால், குரலை உயர்த்தாமல் விளக்கம் கேட்கக்கூடியவர் யார்? அது மோதல் கட்டத்தைப் பார்த்த பிறகே தெரியும். சண்டையில் ஒரு பக்கம் சேராமல், ஆனால் ஒளிந்துகொள்ளவும் செய்யாமல் நின்றவர் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அவர்தான்.

6. மோதல்: இது வரும், வரட்டும்

இடங்கள் பிரிக்கப்பட்டதும் முகங்கள் மாறும். தாமதமாக வருபவர்கள் கூடுவார்கள். பயிற்சியின் கடுமையைப் பற்றி முணுமுணுப்பு எழும். முதல் வாரத்தில் “பரவாயில்லை” என்றவர்கள் இப்போது கண்ணை உருட்டுவார்கள். உங்களையும் சோதிப்பார்கள்: ஒருவர் வேண்டுமென்றே மெதுவாக ஓடுவார், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று மற்ற பதினொரு பேரும் பார்ப்பார்கள்.

புதிய பயிற்சியாளர்கள் இங்கே இரண்டு வழிகளில் தடுக்கி விழுகிறார்கள். ஒருசாரார் அடக்குகிறார்கள்: கூச்சல், தண்டனை ஓட்டம், “பிடிக்காவிட்டால் போகலாம்”. சத்தம் நின்றுவிடும், சண்டை வாட்ஸ்அப்புக்குப் போய்விடும். மற்றவர்கள் சமாதானம் செய்கிறார்கள்: “நாம் எல்லோரும் ஒரே குடும்பம்” என்று கை கோத்துவிட்டுப் போகிறார்கள். குடும்பத்தில்தான் சண்டை பத்து வருடம் நீடிக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். இரண்டிலும் கேள்விக்குப் பதில் கிடைப்பதில்லை. இந்தக் கட்டத்தின் கேள்வி ஒன்றுதான்: இங்கே என் இடம் எது, அதை யார், எந்த நியாயத்தில் தீர்மானிக்கிறார்கள்?

அதனால் முதலில் சண்டையை வகை பிரியுங்கள். மூன்று வகை உண்டு.

ஆட்டத்தைப் பற்றிய சண்டை: “கோச், செட்டர் தூக்கித் தரும் லிஃப்ட் வலையை ஒட்டி வருகிறது, நான் எப்படி அடிப்பேன்?” “அவன் தாமதமாக ஓடி வந்தால் நான் எங்கே போடுவது?” இது நல்ல சண்டை. களத்திலேயே, அப்போதே தீருங்கள். இருவரையும் நிறுத்தி, பத்துப் பந்து போடச் சொல்லி, எந்தத் தூரம் சரி என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். பேச்சில் தீராது, பந்தில் தீரும்.

இடத்தைப் பற்றிய சண்டை: “அவனை ஏன் முதல் ஆறில் வைத்தீர்கள், என்னை ஏன் வைக்கவில்லை?” இதைக் கூட்டத்தில் பேசவே கூடாது. தனியாக, பயிற்சிக்கு முன்பு, நோட்டுப் புத்தகத்தோடு பேசுங்கள். எதிரணியின் சர்வீஸை எடுப்பதற்கு மதிப்பெண் போட்டு வைத்திருந்தால் இங்கே கைகொடுக்கும்: செட்டர் கைக்குச் சரியாகப் போனால் 3, செட்டர் நகர வேண்டியிருந்தால் 2, ஆட முடிகிறது ஆனால் தாக்க முடியவில்லை என்றால் 1, பந்து போய்விட்டால் 0. “உன் சராசரி இது, அவனுடையது இது, இந்த அளவுக்கு வந்தால் இடம் மாறும்” என்று சொல்லலாம். சொன்னதைச் செய்யவும் வேண்டும். ஒருமுறை செய்யாவிட்டால் அந்த நோட்டுக்கு அதன்பின் மதிப்பில்லை.

மனிதர்களைப் பற்றிய சண்டை: பழைய பகை, கல்யாண வீட்டில் நடந்த பேச்சு, அண்ணன்களுக்குள் நிலத் தகராறு. இதைத் தீர்க்க முயலாதீர்கள். உங்களுக்கு அந்த அதிகாரமும் இல்லை, நேரமும் இல்லை. இருவரையும் உட்காரவைத்து ஒன்றை மட்டும் கேளுங்கள்: “களத்துக்குள் இருக்கும் இரண்டு மணி நேரத்தில் உங்களுக்கு ஒருவரிடமிருந்து ஒருவர் என்ன வேண்டும்?” பெரும்பாலும் பதில் சிறியதாகவே இருக்கும்: குரல் கொடுக்க வேண்டும், முகம் சுளிக்கக் கூடாது. அந்த அளவு ஒப்பந்தம் போதும். நண்பர்களாக ஆகும்படி சொல்லாதீர்கள்.

தோற்ற ஆட்டம் முடிந்தவுடன் கூட்டம் போடாதீர்கள். அந்த நேரத்தில் சொல்லப்பட்டவை மாதக்கணக்கில் நினைவில் நிற்கும். “செவ்வாய்க்கிழமை பேசலாம்” என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புங்கள். அதேபோல் வாட்ஸ்அப் குழுவில் நேரம், இடம், பஸ் இவை மட்டுமே என்று வரையறுங்கள். வேறு ஏதாவது எழுதப்பட்டால் அங்கே பதில் சொல்லாமல், எழுதியவரைத் தொலைபேசியில் அழையுங்கள். எழுத்தில் தொனி தெரியாது. பன்னிரண்டு பேர் பார்க்கும் இடத்தில் யாரும் இறங்கி வரவும் மாட்டார்கள்.

ஒருவர் விலகுவார். ஏறக்குறைய எப்போதும் ஒருவராவது விலகுவார். ஒருமுறை நேரில் போய்ப் பேசுங்கள், ஆனால் கெஞ்ச வேண்டாம். கெஞ்சித் திரும்பி வந்தவருக்கு விதி தளரும்; தளர்ந்ததை மற்றவர்கள் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

சண்டையே வராத அணி உங்களுக்கு வாய்த்தால் மகிழ வேண்டாம். நடுவில் விழும் பந்துகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். அது குறையாமல் இருந்தால் சண்டை உள்ளே இருக்கிறது. சற்றுக் கடினமான எதிரணியோடு நட்பு ஆட்டம் ஒன்றை ஏற்பாடு செய்யுங்கள், மேலே வந்துவிடும்.

7. இசைதல்: இப்போது விதிகளை அவர்கள் எழுதட்டும்

சண்டை குறைந்து, ஒருவரை ஒருவர் திருத்தத் தொடங்கும்போது, திருத்தப்பட்டவர் முறைக்காமல் தலையசைக்கும்போது, இந்தக் கட்டம் வந்துவிட்டது. இப்போதுதான் கூட்டம் போட வேண்டும். நீங்கள் முதல் பத்து நிமிடம் மட்டும் இருங்கள்; மூன்று கேள்விகளைக் கொடுத்துவிட்டு வெளியே போங்கள். நடுவில் வரும் பந்து யாருடையது? தவறு செய்தவரிடம் களத்தில் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது? தாமதமாக வந்தால் என்ன?

அவர்கள் எழுதும் விதி நீங்கள் எழுதியிருக்கக் கூடியதைவிடக் கடுமையாக இருக்கும். அதைத் தளர்த்தாதீர்கள். நடுப்பந்துக்கு மட்டும் விதி ஆட்டக் கணக்கோடு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்: லிபரோ எட்டக்கூடியது லிபரோவுடையது, மற்றபடி பந்து யாரை நோக்கி வருகிறதோ அவர் எடுக்க வேண்டும், யாரைவிட்டு விலகிச் செல்கிறதோ அவர் விட்டுவிட வேண்டும் என்பதுபோல் ஏதாவது ஒன்று. எது என்பது பெரிதல்ல, எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் போதும்.

கேப்டனைத் தேர்ந்தெடுப்பதும் இந்தக் கூட்டத்திலேயே. விருந்தும் இதற்குப் பின்புதான். விரதம் இருப்பவர்கள், அசைவம் உண்ணாதவர்கள் இருந்தால் எல்லோருக்கும் சைவமாகவே வையுங்கள். தனிப் பந்தி போட்டால் மறுபடியும் இரண்டு கூட்டம்.

இந்தக் கட்டத்தின் ஆபத்து சோம்பல். இதமாகிவிட்டது, யாரும் யாரையும் வருத்த விரும்பவில்லை. மக்சிமிலியன் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1913இல் வெளியிட்ட கயிறு இழுக்கும் சோதனைகளில், ஆட்கள் கூடக் கூட ஒவ்வொருவரும் தரும் பலம் குறைந்தது. ஒரு பகுதி, எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காததால். இன்னொரு பகுதி, நான் இழுக்காவிட்டாலும் தெரியாது என்பதால் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. தனித்தனியே யார் எவ்வளவு செய்தார் என்பது தெரியும்போது இந்த இரண்டாவது குறைகிறது. அதனால்தான் சர்வீஸ் மதிப்பெண்ணை இப்போதும் நிறுத்தக் கூடாது. ஆட்டம் நன்றாகப் போகிறது என்று நோட்டை மூடிவைப்பவர்கள் அதிகம்.

8. பாதி வழியில் ஒரு நிறுத்தம்

போட்டிக்காலம் ஏப்ரலில் தொடங்கி செப்டம்பரில் முடிகிறது என்றால், ஜூலைத் தொடக்கத்தில் ஒரு மாலையைப் பயிற்சி இல்லாமல் ஒதுக்குங்கள். கானி கெர்சிக் 1988இல் வெளியிட்ட ஆய்வில், கெடு வைத்து வேலை செய்யும் குழுக்கள் படிப்படியாக மாறவில்லை. கெடுவின் ஏறக்குறைய நடுப்புள்ளியில் திடீரென்று வழியை மாற்றிக்கொண்டன. அவர் கவனித்தவை விளையாட்டு அணிகள் அல்ல, ஆனாலும் அந்த நேரத்தில்தான் “பாதி போய்விட்டதே” என்ற உணர்வு எல்லோருக்கும் வருகிறது. முன்பு தேதியோடு சொன்ன இட மாற்றங்களை இப்போது செய்யுங்கள். இதற்கு முன் மாற்றினால் பதற்றம், இதற்குப் பின் மாற்றினால் பழக நேரம் போதாது.

9. இயங்கல்: குறைவாகப் பேசுங்கள்

இது குறுகிய பகுதி, ஏனென்றால் இங்கே உங்களுக்கு வேலை குறைவு. ஒரு செட்டில் உங்களுக்கு 30 நொடி ஓய்வு இரண்டுதான். அதில் முதல் பாதியை வீரர்களுக்கே விட்டுவிடுங்கள். களத்துக்குள் இருப்பவர்களுக்கு உங்களைவிட அதிகம் தெரிகிறது. நீங்கள் ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். மூன்று சொன்னால் மூன்றும் போய்விடும்.

வெளியே அமர்ந்திருப்பவர்களைக் கவனியுங்கள். இயங்கும் அணி என்று பெயர் எடுத்தபின் முதல் ஆறு பேர் ஓர் அணியாகவும், மற்ற ஆறு பேர் பார்வையாளராகவும் பிரிவது சகஜம். அவர்களுக்கு ஆட்டத்தின்போது வேலை கொடுங்கள்: ஒருவர் எதிரணி செட்டரைப் பார்க்கட்டும், ஒருவர் நடுப்பந்தை எண்ணட்டும். உள்ளே போகும்போது அவர்களிடம் சொல்ல ஏதாவது இருக்கும்.

10. புதியவர் வந்தாலும் ஒருவர் போனாலும்

செட்டர் படிப்புக்காக பிரான்சுக்குப் போகிறார். நடுப் பிளாக்கர் கப்பல் வேலைக்குச் சேர்கிறார். இந்தத் தீவில் இது நடக்காத ஆண்டு இல்லை. ஒருவர் மாறினாலும் அணி கூடல் கட்டத்துக்கே திரும்புகிறது. குறிப்பாகச் செட்டர் மாறினால். பழைய விதிகள் இருக்கின்றனவே என்று நேரடியாக ஆட்டத்தில் இறக்குவது தவறு. விதி பதினொரு பேருக்குத் தெரியும், வந்தவருக்குத் தெரியாது. தெரியாததை அவர் கேட்கவும் மாட்டார்.

ஆகவே முதல் வாரப் பயிற்சிகளைச் சுருக்கமாக மறுபடியும் நடத்துங்கள்: இருவருக்கு இருவர், ஜோடி மாற்றம். விதிகளை நீங்கள் சொல்லாதீர்கள், கேப்டனைச் சொல்லவையுங்கள். வந்தவரும் ஒரு விதியையாவது மாற்றக் கேட்கட்டும். சின்ன மோதல் ஒன்று வரும். இரண்டாவது முறை அது வேகமாகக் கடந்துபோகும், ஏனென்றால் மற்றவர்களுக்கு வழி தெரியும்.

11. பிரிதல்: கடைசி ஆட்டத்துக்கு முன்பே திட்டமிடுங்கள்

போட்டிக்காலம் முடிந்தது என்று யாரும் சொல்லாமலே அணிகள் முடிந்துபோகின்றன. வாட்ஸ்அப் குழு மெதுவாகப் பிறந்தநாள் வாழ்த்துக் குழு ஆகிவிடும். அடுத்த ஆண்டு யார் இருக்கிறார், யார் இல்லை என்று தெரியாமல் மார்ச்சில் மீண்டும் முதலிலிருந்து.

கடைசி ஆட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு, தேர்வுப் படிப்பு தொடங்குவதற்குள், ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள்: அடுத்த ஆண்டு வருவீர்களா, வேறு இடத்தில் ஆட ஆசையா, ஆடாமல் வேறு பொறுப்பு எடுக்க விருப்பமா. கடைசி ஆட்டத்தின் முடிவு தெரிந்தபின் கேட்டால் வெற்றியோ தோல்வியோதான் பதில் சொல்லும்.

ஆட்டத்துக்கு அடுத்த வாரம் கடைசிக் கூட்டம். பந்து, வலை, ஜெர்சி எண்ணி, யாரிடம் என்ன இருக்கிறது என்று எழுதி, சங்கத்தில் ஒப்படையுங்கள். விதித்தாளை, எழுதியவர்களின் கையெழுத்தோடு, நோட்டுப் புத்தகத்தில் ஒட்டுங்கள். ஆனால் அடுத்த அணிக்கு அதைக் காட்ட வேண்டாம். அவர்கள் தங்களுடையதை எழுதி முடித்தபின் ஒப்பிட்டுப் பார்க்கலாம். போகிற செட்டர் வருகிற செட்டரோடு ஒரு மாலையாவது சேர்ந்து பந்து போடட்டும். அடுத்த ஆண்டின் முதல் பயிற்சித் தேதியை அன்றே சொல்லிவிடுங்கள். சிவராத்திரித் தேதியைப் பார்த்த பிறகு.